சீட்டக்கா உட்கார்ந்து பார்த்த நாற்காலிகள்

எங்கே போனாலும் உட்காருவதற்கு முன் இருக்கையை உள்ளங்கையால் ஒரு அழுத்து அழுத்திப் பார்ப்பாள் சீட்டக்கா. பஸ்ஸாகட்டும், சம்பந்தி வீட்டு சோபாவாகட்டும். "மானத்த வாங்காதே" என்று இருபத்திரண்டு வருஷமாகச் சொல்லி அலுத்துவிட்டார் கணவர். சீட்டு மெத்தை தைக்கிறவளுக்குக் கை சும்மா இருக்குமா?

ஊரின் பழைய தியேட்டரைப் புதுப்பித்தபோது மானேஜருக்குப் புது பிளாஸ்டிக் சீட்டு மேல்தான் கண். "பழசே நிக்கும் தம்பி. நான் பொறுப்பு" என்று அடித்துச் சொல்லி வேலையை வாங்கினாள் அக்கா. பதினாறு வரிசை, முந்நூற்றிருபது நாற்காலி. மெத்தை அவள் தைக்க, இரும்புச் சட்டங்களுக்குக் கணவர் பெயின்ட் அடித்தார்.

அங்கேதான் வந்தது வினை. திரையை நோக்கிச் சரியும் தரையில் வரிசைக்கு வரிசை சரிவு வேறு; அதற்கேற்ப நாற்காலிகளின் முன்கால் உயரமும் வேறு. கழற்றும்போதே ஒவ்வொரு சட்டத்திலும் சாக்பீஸால் வரிசை எண்ணை எழுதியிருந்தாள். கணவர் அத்தனையையும் சுத்தமாகத் துடைத்துவிட்டு அழகாகப் பெயின்ட் அடித்திருந்தார்.

"அழுக்குன்னு நெனச்சேன்."

"ஒண்ணுலேர்ந்து பதினாறு வரைக்கும் எண்ணத் தெரிஞ்ச அழுக்க எங்கயாவது பாத்திருக்கீங்களா?"

மானேஜர் காதுக்கும் போயிற்று. "நாளன்னைக்கு வந்து உட்காருவேன்க்கா. ஒண்ணு ஆடினாலும் எல்லாம் எடைக்குப் போயிடும். புது சீட்டு லாரி ஏறத் தயாரா இருக்கு."

"தாராளமா உட்காருங்க தம்பி. தூங்கிடாம பாத்துக்குங்க."

சொல்லிவிட்டாளே தவிர, எந்தச் சட்டம் எந்த வரிசை என்று அவளுக்கும் தெரியாது. கையில் கிடைத்த சட்டத்தை எட்டாவது வரிசையில் வைத்து, உட்கார்ந்து, கண்ணை மூடிச் சாய்வை அளந்தாள்.

"மூணு வரிசை பின்னாடி போடுங்க."

கணவர் போட்டார். ஆடாமல் நின்றது. அடுத்தது. "ரெண்டு முன்னாடி." மதியத்துக்குள் அவர் இடுப்பு கழன்றது.

"தொடையா அது, ரசமட்டமா?"

"பேசாம தூக்குங்க. துடைக்கிறப்ப மட்டும் அந்தச் சுறுசுறுப்பு எங்கேர்ந்து வந்துச்சு?"

சொன்ன நாளில் மானேஜர் வந்தார். முப்பது நாற்காலியில் குதித்துக் குதித்து உட்கார்ந்து பார்த்தார். ஒன்றும் அசையவில்லை. வெளியே போய் லாரிக்காரருக்குப் போன் போட்டு, "வேணாம்ப்பா" என்றார்.

முதல் காட்சிக்கு அக்கா, கணவர் இருவருக்கும் எட்டாவது வரிசையில் இடம் ஒதுக்கியிருந்தார்கள். கல்யாணமான புதிதில் இதே தியேட்டரில், பாதிப் படத்தில் எங்கோ நாற்காலி முனகுகிறது என்று எழுந்து போனவள் அவள். "அடுத்த தடவ முழுசா உங்க பக்கத்துலயே உட்கார்ந்து பாக்கறேன்" என்று அன்றைக்குச் சமாதானம் சொன்னாள்.

விளக்குகள் அணைந்தன. பத்து நிமிஷம்கூட ஆகியிருக்காது, பின்னால் எங்கோ மெல்ல ஒரு கிரீச்.

அவர் திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னார்: "போ, போ. போயிட்டு வா."

"ரெண்டே நிமிஷங்க." பையில் ஸ்பேனரைத் துழாவிக்கொண்டே எழுந்தாள்.

படம் முடிந்து விளக்கு எரிந்தபோது அவள் பதின்மூன்றாவது வரிசைக்கு அடியில் படுத்திருந்தாள். அந்த முழுப் படம் இன்னும் பாக்கியாகவே நிற்கிறது.