ஒண்ணும் பண்ணாது

அந்த அக்காவின் விரல்களில் ரேகை கிடையாது. ராசிபுரம் பக்கத்து ஜவ்வரிசி ஆலை ஒன்றில் நான் முதன்முதலாகக் கால் வைத்த நாளில், வாசலில் மாட்டியிருந்த வருகைப்பதிவு இயந்திரத்தின்மீது அவர் ஒவ்வொரு விரலாக வைத்து வைத்து எடுத்துக்கொண்டிருந்தார். பத்து விரலையும் அது ஏற்கவில்லை. "என்னைய ஆளாவே மதிக்க மாட்டேங்குதுங்க" என்று என்னைப் பார்த்துச் சிரித்தார். விரல் நுனிகள் நாள் முழுக்கத் துணி துவைத்த கை மாதிரி வெளுத்து, வழவழவென்று இருந்தன.

குச்சிக்கிழங்கை, அதாவது மரவள்ளியை, அரைத்து வடிகட்டிய பாலைத் தொட்டிகளில் தெளிய விடுவார்கள். அடியில் படியும் மாவு பளீரென்று வெளுக்க வேண்டும் என்பதற்காகப் பிளீச்சிங் பவுடர் கலப்பது அங்கே பல வருடப் பழக்கம். ஆலையில் யாரும் அதைப் பெயர் சொல்லி அழைத்ததில்லை. மருந்து என்பார்கள். மருந்து கலக்குவதுதான் அக்காவின் வேலை, அதுவும் வெறுங்கையால். சட்டம் இறுகி, மருந்து போட்ட சரக்கு பிடிபட்டால் ஆலைக்கே பூட்டு என்று ஆனபிறகு, முதலாளி சேலம் அஸ்தம்பட்டியில் நான் வேலை பார்த்த சின்ன ஆய்வகத்துக்கு வந்து மாற்றுவழி கேட்டார். என்னை அனுப்பிவைத்தார்கள். வேதியியல் படித்திருக்கிறோம் என்ற மிதப்பு அப்போது எனக்குக் கொஞ்சநஞ்சமல்ல.

என் வழி எளிமையானது. கிழங்கின் தோலைச் சுத்தமாக நீக்க வேண்டும், பாலை மூன்று முறை நல்ல தண்ணீரில் அலச வேண்டும், கடைசி அலசலில் கொஞ்சம் எலுமிச்சை உப்பு, அதாவது சிட்ரிக் அமிலம், சேர்க்க வேண்டும். அக்கா பக்கத்தில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். "இது வந்தா எனக்கு ரேகை திரும்ப மொளைக்குங்களா சாமி? சோசியகாரங்கிட்டக் கையக் காட்டி நாளாச்சுங்க" என்றார். முளைக்கும் என்றேன். எதை நம்பிச் சொன்னேனோ. கையில் உறை மாட்ட வேண்டுமா என்று அவர் கேட்டதும், எலுமிச்சை உப்பில் ஒரு கல்லை எடுத்து நாக்கில் வைத்துக் காட்டினேன். "இது ஒண்ணும் பண்ணாதுக்கா."

இரண்டு வாரம் ஓடியது. ஜவ்வரிசி நன்றாகத்தான் வந்தது, ஆனால் லேசாகப் பழுப்பு தட்டியிருந்தது. வடக்கே அனுப்பிய சரக்கு அப்படியே திரும்பி வந்தது. முதலாளி தொட்டியடியில் நின்று சத்தம் போட்டார். "அந்தப் புள்ளைய நாளையோட வரவேண்டாம்னு சொல்லிரலாம்" என்று அவர் என்னைப் பற்றி மேலாளரிடம் சொன்னது அக்காவின் காதிலும் விழுந்திருக்கிறது. மறுநாள் காலை நான் வருவதற்கு முன்னால், மூலையில் கிடந்த பழைய மூட்டையிலிருந்து அக்கா மருந்தை அள்ளி, எலுமிச்சை உப்புக் கரைத்து வைத்திருந்த வாளியில் கொட்டிக் குனிந்து கலக்கியிருக்கிறார். அந்த இரண்டும் சேர்ந்தால் எழும் புகை நுரையீரலை அரித்துவிடும். தனித்தனியாக அவை என்னென்ன செய்யும் என்று எனக்குத் தலைகீழாகத் தெரியும். சேர்க்கக் கூடாது என்று ஒரு வார்த்தை நான் சொல்லவில்லை. அந்த மூட்டையை அப்புறப்படுத்தச் சொல்லவும் தோன்றவில்லை.

சேலத்து ஆஸ்பத்திரியில் நான்காம் நாள்தான் அவரால் பேச முடிந்தது. ஏன் செய்தீர்கள் என்று கேட்டுவிட்டேன்.

"நீங்கதானுங்க சாமி சொன்னீங்க, இது ஒண்ணும் பண்ணாதுன்னு. அது ஒண்ணும் பண்ணலைன்னா மாவு எப்புடி வெளுக்கும்? உங்க பேரு கெட்டுப்போயிருமேன்னுதான் பழசுல ரெண்டு கை போட்டனுங்க."

நான் கெடுதல் செய்யாது என்ற பொருளில் சொன்னேன். அவர் அதை உதவாது என்று எடுத்துக்கொண்டிருக்கிறார். நம் பேச்சில் இரண்டுக்கும் ஒரே வாக்கியம்தான். அவர் கேட்டதில் ஒரு பிழையும் இல்லை. விசாரணைக்கு வந்தவர்கள் தொழிலாளியின் கவனக்குறைவு என்று எழுதிக்கொண்டு போனார்கள். செய்முறையில் குறையில்லை என்று எனக்கு நற்சான்றும் கிடைத்தது. அதைப் படித்தபோது வந்த கோபம் யார்மேல் என்று எனக்கே தெரியவில்லை.

இப்போது அந்த வட்டாரத்தில் நிறைய ஆலைகள் மருந்தை விட்டுவிட்டன. மங்கலான ஜவ்வரிசியை வாங்க வியாபாரிகளும் பழகிவிட்டார்கள். என்னைக் கூட்டங்களுக்குக் கூப்பிட்டுப் பேசச் சொல்கிறார்கள், பேசுகிறேன். போன மாதம் அக்காவைப் பார்க்கப் போனேன். படுத்தால் மூச்சு முட்டுகிறது என்பதால் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடியே தூங்குகிறாராம். என் கையைப் பிடித்துக்கொண்டு, நிறுத்தி நிறுத்திப் பேசினார்.

"அந்த மருந்துக்கே மாத்து கண்டுபுடிச்சவிங்க நீங்க. இந்த மூச்சுக்கு ஒண்ணு கண்டுபுடிக்க முடியாதுங்களா சாமி?"

குத்திக் காட்டவில்லை. நிஜமாகவே கேட்டார். முடியாது என்று எனக்குத் தெரியும், டாக்டர்களும் சொல்லிவிட்டார்கள். "பாக்கறேன்க்கா" என்றேன். அவர் அதையும் நம்பினார்.