முப்பதைத் தாண்டிய முள்

என் சித்திக்குக் கார் ஓட்டத் தெரியும் என்பது எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது. அவளைக் கட்டிக்கொண்டு வந்த சித்தப்பாவுக்கே தெரியாது. அது தெரியவந்த அன்று எனக்கு ஒன்பது வயது. மடியில் சித்தப்பாவின் தலை. பாவாடை முழுக்க ரத்தம்.

இரண்டாவது உலகச் சண்டைக்கு இரண்டொரு வருஷம் முந்தி நடந்தது இது. சித்தப்பா மதராசில் வக்கீலுக்குப் படித்து முடித்து, வக்கீல் தொழிலை மட்டும் அங்கேயே விட்டுவிட்டு இலஞ்சிக்குத் திரும்பியவர். தொழிலுக்குப் பதிலாக அவரோடு ஒரு கார் வந்தது. இரண்டு பேர் உட்காருகிற சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார். சீமையிலிருந்து கப்பலில் மதராசுக்கும், மதராசிலிருந்து ரயிலில் தென்காசிக்கும் வந்து, எண்ணி நாலு மைல் மட்டும் தானாக ஓடி எங்கள் வாசலுக்கு வந்து சேர்ந்தது. கூரை கிடையாது. மழை வந்தால் இழுத்து மூட ஒரு கித்தான் இருந்தது.

இவ்வளவு வேகமான வண்டியை இவ்வளவு மெதுவாக ஓட்டிய மனிதரை நான் பிறகு பார்த்ததில்லை. முதல் ஐந்நூறு மைலுக்கு மணிக்கு முப்பது மைல் வேகத்துக்கு மேல் போகவே கூடாது என்று கம்பெனிக்காரர் சொல்லி அனுப்பியிருந்தார். சித்தப்பா அதை மாலை போட்டவர் விரதம் காப்பதைப் போலக் காத்தார். வேகம் காட்டும் கண்ணாடியில் முப்பதுக்கு நேராக ஒரு குங்குமப் பொட்டு வைத்தார். புது இன்ஜின் பழகுகிறது, தயவுசெய்து முந்திச் செல்லவும் என்று இங்கிலீஷில் எழுதிய அட்டை ஒன்று பின்பக்கம் தொங்கியது. இங்கிலீஷ் தெரியாத மாட்டுவண்டிக்காரர்கள்கூட அதன்படியே நடந்துகொண்டார்கள்.

போதாததற்கு வண்டி எண்ணெய் குடித்தது. தினமும் காலையில் சித்தப்பா செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு மூடியைத் திறப்பார். இன்ஜினுக்குள்ளிருந்து ஒரு நீளக் கம்பியை உருவி, துடைத்து, மறுபடி விட்டு எடுத்து, எண்ணெய் எதுவரை நனைந்திருக்கிறது என்று வெளிச்சத்தில் பார்ப்பார். முந்தின நாள் இருந்த இடத்தில் அது ஒருநாளும் இருந்ததில்லை. இன்ஜினுக்குள் இருக்கிற வளையங்கள் இன்னும் சுவரோடு ஒட்டிப் பழகவில்லை, அந்த இடுக்கு வழியாக எண்ணெய் ஏறி எரிந்து புகையாகப் போகிறது, பழகிவிட்டால் நின்றுவிடும் என்று அவர் அப்பாவிடம் விளக்கினார். அப்பா முழுக்கக் கேட்டுவிட்டு, நம் வீட்டில் இதுவரை தீனி தின்றதெல்லாம் ஒன்று பால் தந்தது, இல்லாவிட்டால் ஏர் இழுத்தது என்று மட்டும் சொல்லிவிட்டுத் தோப்புக்குப் போனார்.

சித்தி கொழும்பில் வளர்ந்தவள். அவள் அப்பாவுக்கு அங்கே துணி வியாபாரம். எங்கள் வீட்டுக்கு வந்த பிறகு அவள் உரக்கப் பேசி நான் கேட்டதில்லை. காரில் சித்தப்பாவுக்குப் பக்கத்தில் கைகளை மடியில் கோத்தபடி இருப்பாள். நான் அவளுக்கும் கதவுக்கும் நடுவில் ஒடுங்கியிருப்பேன். சித்தப்பா கியர் மாற்றும்போதெல்லாம் சித்தியின் இடது கால் தரையை மெல்ல அழுத்தும். கால் மரத்துப்போய்விட்டதாக்கும் என்று நினைத்துக்கொள்வேன்.

அந்த ஆனி மாதம் சாரல் நன்றாகப் பிடித்துக்கொண்டது. ஒருநாள் காலையில் சித்தப்பா டின்னில் மிச்சமிருந்த எண்ணெயை வண்டிக்கு ஊற்றிவிட்டு, எங்கள் இருவரையும் குற்றாலத்துக்குக் கூட்டிப்போனார். அடுத்த டின் மதராசிலிருந்து வரவேண்டும். அருவிக்கரையில் எண்ணெய் தேய்த்துவிடுகிறவரிடம் உடம்பெல்லாம் தேய்த்துக்கொண்டார். நானும் சித்தியும் பெண்கள் பக்கம் குளித்துவிட்டு ஈரத்தலையோடு வெளியே வந்தபோது ஆண்கள் பக்கம் கூட்டமாக இருந்தது. சித்தப்பாவின் எண்ணெய்க் கால் பாறையில் வழுக்கிவிட்டது. பின்மண்டை அடிபட்டு, நாலு பேர் தூக்கிக்கொண்டு வந்தார்கள். அவர் உடம்பிலிருந்து எண்ணெயும் தண்ணீரும் ரத்தமும் சேர்ந்து வழிந்தன. எனக்கு அழுகைகூட வரவில்லை. வாயைத் திறந்தபடி நின்றேன்.

சீசனுக்கு வந்து தங்கியிருந்த வயதான டாக்டர் ஒருவரை யாரோ அழைத்து வந்தார்கள். அவர் கட்டுப் போட்டுவிட்டு, மண்டை எலும்பு விரிசல் விட்டிருக்கலாம், இங்கே வைத்துக்கொண்டிருந்தால் ஆள் தங்கமாட்டார், உடனே பாளையங்கோட்டை பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள் என்றார். திருநெல்வேலி ரயில் போய்விட்டது. அடுத்தது சாயங்காலம்தான். கார் நிற்கிறது, ஓட்டுகிறவர் இப்படிக் கிடக்கிறார். டிரைவர் யாராவது கிடைப்பாரா என்று ஒருவர் கடைத்தெருப் பக்கம் ஓடினார்.

சித்தி சித்தப்பாவின் சட்டையைக் கையில் வைத்திருந்தாள். அதன் பையிலிருந்து சாவியை எடுத்தாள். "அவுகள இடது பக்கம் உக்காத்தி வையுங்க" என்றாள். எனக்கு அது வேறு யாருடைய குரலோ போல இருந்தது. என்னிடம், "ஏட்டி, நீ உள்ள ஏறி அவுக தலைய மடியில வச்சு ஆடாமப் பிடிச்சுக்கோ" என்றாள். பிறகு வலது பக்கக் கதவைத் திறந்து, சேலையை முழங்காலுக்குள் ஒதுக்கிச் செருகிக்கொண்டு உட்கார்ந்தாள்.

சுற்றி நின்றவர்கள் விலகினார்கள். ஒரு பெண்பிள்ளை காரைக் கிளப்பி, பின்னால் எடுத்து, திருப்பி, அவர்கள் நடுவே ஓட்டிக்கொண்டு போனதை அவர்கள் பார்த்த பார்வை இன்றும் நினைவிருக்கிறது. என் பார்வையும் அப்படித்தான் இருந்திருக்கும்.

தென்காசி தாண்டும்வரை முள் குங்குமப் பொட்டைச் சுற்றியே நின்றது. ஊர் முடிந்ததும் பொட்டைத் தாண்டியது. நாற்பது. பாவூர்சத்திரம் வருவதற்குள் ஐம்பது. அந்தக் கார் அப்படிச் சத்தம் போடும் என்று எனக்குத் தெரியாது. புளியமரங்கள் ஒவ்வொன்றாக மேலே விழ வருவதுபோல வந்து விலகின. சித்தப்பாவுக்கு நடுவில் கொஞ்சம் நினைவு வந்தது. பாதி திறந்த கண்ணால் முள்ளைத் தேடினார். "முப்பது... முப்பது..." என்று உதடு அசைந்தது.

"முப்பதுதான் போகுது. நீங்க கண்ண மூடிக்கிடுங்க" என்றாள் சித்தி. அப்போது முள் அறுபதில் நின்றது.

ஆலங்குளம் கடைவீதிக்குள் நுழையும்போது வண்டிக்குப் பின்னால் நீலமாகப் புகை வந்தது. சித்தி எண்ணெயின் அழுத்தம் காட்டும் இன்னொரு சின்னக் கண்ணாடியைப் பார்த்தாள். அதில் முள் துடித்துத் துடித்துக் கீழே விழுந்துகொண்டிருந்தது. ஒரு எண்ணெய்க்கடை முன்னால் வண்டியை நிறுத்தி, இறங்கி, மூடியைத் தூக்கிக் கம்பியை உருவினாள். கம்பியின் நுனி மட்டும்தான் நனைந்திருந்தது. சித்தப்பாவின் உயிர் போய்க்கொண்டிருக்கிறது, இவள் எண்ணெய் பார்க்கிறாளே என்று நான் அப்போதுதான் அழத் தொடங்கினேன்.

கடைக்காரர் எட்டிப் பார்த்தார். மோட்டார் எண்ணெய் அந்த ஊரில் கிடையாது என்றார்.

"வெளக்கெண்ணெய் இருக்கா அண்ணாச்சி?"

"இருக்கும்மா. ஆனா காயத்துக்கு அதயா போடுவாக?"

"காயத்துக்கு இல்ல, காருக்கு. கொழும்புல எங்கண்ணன் பந்தய மோட்டார்சைக்கிளுக்கு இதத்தான் ஊத்துவான். நான்தான் தொடச்சுக் குடுப்பேன். சீக்கிரம் எடுங்க."

அந்த மனிதர் உள்ளே போனார். பித்தளைச் செம்பில் கொண்டுவந்தார். வாழையிலையைச் சுருட்டி வைத்துச் சித்தி ஊற்றினாள். வயிறு கழிய எங்களுக்கு மூக்கைப் பிடித்து ஊற்றுகிற சாமானை ஒரு காருக்கு ஊற்றுவதை நான் அழுகையை நிறுத்திவிட்டுப் பார்த்தேன். விழுந்துகொண்டிருந்த முள், கிளப்பியதும் எழுந்து நின்றது.

ஆலங்குளத்துக்கு அப்பால் ரோடு நேராகக் கிடந்தது. எதிரே ஒரு வண்டி இல்லை. விளக்கெண்ணெய் எரிகிற வாடை காற்றில் வந்தது. சித்தப்பாவின் தலை என் கையில் கனத்துக்கொண்டே போனது. மூச்சு இருக்கிறதா என்று தெரியாமல், சித்தியிடம் கேட்கத் திரும்பினேன். அவள் ஈரக் கூந்தல் அவிழ்ந்து பின்னால் பறந்துகொண்டிருந்தது. கன்னத்தில் கண்ணீர் காதுப்பக்கம் ஓடியிருந்தது. அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். எனக்காகச் சிரிக்கவில்லை. நான் பார்ப்பதுகூட அவளுக்குத் தெரியாது. அருவிக்கரையில் பார்த்த ரத்தத்துக்குக்கூட நான் அப்படிப் பயப்படவில்லை. சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

ஆற்றுப்பாலத்தைக் கடந்து ஆஸ்பத்திரி போய்ச் சேர்ந்தோம். சித்தப்பாவை உள்ளே கொண்டுபோனார்கள். சித்தி ஒரு கம்பவுண்டரிடம் சொல்லி மெக்கானிக் ஒருவரை வரவழைத்து, விளக்கெண்ணெயை முழுக்க இறக்கி, நல்ல மோட்டார் எண்ணெய் ஊற்றச் செய்தாள். அதன்பிறகுதான் பெஞ்சில் உட்கார்ந்தாள்.

தந்தி கிடைத்து, சாயங்கால ரயிலில் அப்பா வந்தார். பெரிய டாக்டர் அவரிடம், பிழைத்துக்கொள்வார், இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் சொல்வதற்கில்லை, உங்கள் டிரைவர் கெட்டிக்காரர் என்றார். டிரைவர் யார் என்று அப்பா என்னைக் கேட்டார். நான் சித்தியைக் காட்டினேன். அவள் தூணுக்குப் பின்னால் எழுந்து நின்றாள். முந்தானை முழுக்கக் கறுப்பு எண்ணெய்.

அப்பா சத்தம் போடுவார் என்று நினைத்தேன். அவர் பெஞ்சில் உட்கார்ந்து, துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். வெகுநேரம் துடைத்தார். தம்பி மனைவியோடு அவர் நேராகப் பேசுவதில்லை. அதனால் என்னைப் பார்த்தே சொன்னார்.

"அங்கன நின்னது பூரா சீசனுக்கு வந்த வெளியூர்க்காரங்க. நம்மூருக்கு இது வரவேண்டாம். யாரோ ஒரு டிரைவர் ஓட்டிட்டு வந்துட்டு ரயிலேறிப் போயிட்டான். கேட்டா அவ்வளவுதான். தம்பிக்கும் அதேதான்."

தம்பியைப் பிழைக்க வைத்தவளுக்கு அப்பா ஏதாவது நல்ல வார்த்தை சொல்வார் என்று காத்திருந்தேன். சித்தி சம்மதமாகத் தலையை அசைத்தாள்.

சித்தப்பா மொட்டைத்தலையோடு வீடு திரும்பினார். முதல் காரியமாகக் கம்பியை உருவிப் பார்த்தார். மறுநாள் பார்த்தார். ஒரு வாரம் ஓட்டிவிட்டுப் பார்த்தார். எண்ணெய் இருந்த இடத்திலேயே இருந்தது. வண்டி எண்ணெய் குடிப்பதை நிறுத்திவிட்டது. பொறுமையாகப் பழக்கியதன் பலன் என்று வருகிறவர்களிடமெல்லாம் சொன்னார். அந்தப் பெயர் தெரியாத டிரைவரையும் விடாமல் புகழ்ந்தார். தங்கமான மனுசன், முப்பதைத் தாண்டியிருக்கவே மாட்டான், தாண்டியிருந்தால் இன்ஜின் இப்படியா இருக்கும் என்பார். ஒரு புது இன்ஜினின் வளையங்கள் நன்றாக இழுத்து ஓட்டினால்தான் ஒழுங்காகப் படியும் என்று பிற்காலத்தில் மோட்டார் படித்த என் மகன் சொன்னான். சித்தப்பா பேசிக்கொண்டிருக்கும்போது சித்தி அவருக்குத் தோசை வைத்துக்கொண்டிருப்பாள். முகத்தில் ஒன்றும் தெரியாது. பெரியவர்கள் இவ்வளவு சுலபமாகப் பொய்யை வீட்டுக்குள் வைத்துக்கொண்டு சாப்பிட முடியும் என்பது எனக்குப் பெரிய அதிர்ச்சியாக இருந்தது.

ஐந்நூறு மைல் முடிந்தது. சித்தப்பா அட்டையைக் கழற்றிவிட்டு வேகமாக ஓட்டத் தொடங்கினார். சித்தி பக்கத்தில் கைகளை மடியில் கோத்தபடியே போய்வந்தாள்.

எனக்குத்தான் பொறுக்கவில்லை. ஒருநாள் அவள் பின்கட்டில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தபோது போய்க் கேட்டேன். சித்தப்பாவிடமாவது சொல்லிவிடக் கூடாதா, அவர் கோபிக்க மாட்டாரே என்றேன்.

சித்தி ஒரு சேலையை உதறிக் கொடியில் போட்டாள். அதன் ஓரத்தை நீவிவிட்டுக்கொண்டே சொன்னாள்: "சொன்னா ஆளுக்கு ஒண்ணு சொல்லுவாகட்டி. சரிங்கான் ஒருத்தன், தப்புங்கான் ஒருத்தன். அந்த ரோட்டுல போனது எனக்குள்ள அப்படியே இருக்கு. அதுல யாரையும் ஏத்தவேண்டாம்னு பாக்குதேன்."

அவளுக்கு அப்பாவிடம் அவ்வளவு பயம் என்று நினைத்தேன். பாவமாக இருந்தது. அவள் ஈரக்கையைப் பிடித்துக்கொண்டு, நான் யாரிடமும் சொல்லமாட்டேன், நீங்கள் பயப்படாதீர்கள் என்று அவளுக்குத் தைரியம் சொன்னேன். சித்தி என்னைக் கொஞ்சநேரம் பார்த்துவிட்டு, சரி என்றாள்.