கறுப்புத் திரை வந்தால் பயப்படக் கூடாது

அத்தானுடைய வலைப்பூவைத் திறந்தால் முதலில் ஐந்தருவிப் படம்தான் வரும். லினக்ஸ் பற்றி எழுதுகிற இடத்தில் அருவிக்கு என்ன வேலை என்று கேட்டேன். "தென்காசிக்காரன் வேற எதப் போடுவான் மாப்ளே?" என்றார். அரிசிப் பையிலிருந்து லாட்ஜ் பில் வரைக்கும் எங்கள் ஊரில் அருவி விழுந்துகொண்டிருக்கும்போது அவரை மட்டும் குறை சொல்வது நியாயமில்லை என்று விட்டுவிட்டேன். அது அவரே எடுத்த படம். செல்போனில் கேமரா வருவதற்கு முன்பு, குற்றாலத்தில் குளித்துவிட்டு ஈரத் தலையோடு வருகிறவர்களை நிறுத்திப் படமெடுத்துத்தான் அவர் தொழிலைத் தொடங்கினார். அப்புறம் தென்காசியில் சொந்தமாக ஸ்டூடியோ வைத்தார். என் அக்காவைக் கட்டியது அதற்குப் பிறகு.

லினக்ஸ் அவரிடம் வந்தது ஒரு வைரஸின் புண்ணியத்தில். ஒரு காதுகுத்துப் படங்கள் மொத்தமும் திறக்க மறுத்த நாளில், சென்னையில் சர்வர்களைப் பராமரித்துச் சம்பளம் வாங்கும் மச்சினன் ஒருவன் இருப்பது அவருக்கு ஞாபகம் வந்தது. தீபாவளிக்குப் போனவன் கடைக் கணினியில் வைரஸ் எளிதில் அண்டாத லினக்ஸ் போட்டுக் கொடுத்தேன். அதோடு என் நிம்மதி போயிற்று. "மாப்ளே, வேலையா இருக்கியா?" என்று போனில் கேட்பார். ஆமாம் என்று சொன்னாலும் சந்தேகத்தைக் கேட்காமல் விடமாட்டார். பிரிண்டர் ஏன் பேசவில்லை, மெமரி கார்டு ஏன் தெரியவில்லை என்று போன மாதம் கேட்டதையே இந்த மாதமும் கேட்பார். ஒரு நாள் சலித்துப்போய், "இதெல்லாம் எங்கயாவது எழுதி வைங்க அத்தான்" என்றேன். "எங்கன எழுத? கடையில ஒரு தாளு தங்குதா?" என்றார். அப்படியானால் ஒரு பிளாக் ஆரம்பியுங்கள் என்று போனை வைக்கிற அவசரத்தில் சொன்னேன். மறுவாரமே ஆரம்பித்துவிட்டார்.

பேச்சில் அவ்வளவு கலகலப்பானவர் எழுத்தில் பள்ளிக்கூடப் பிள்ளைபோல் கைகட்டிக்கொண்டார். ஆனாலும் அவர் குரல் அதில் கேட்கும். "இப்போது கறுப்புத் திரை வரும். பயப்படக் கூடாது. கீழே உள்ளதை அப்படியே தட்டவும். ஒன்றும் நடக்காததுபோல் இருக்கும். நடந்திருக்கும்." லினக்ஸை இதைவிடச் சுருக்கமாக யாரும் விளக்கி நான் படித்ததில்லை. தனக்காகத்தான் எழுதினார். சிவகிரியிலும் ராயகிரியிலும் ஸ்டூடியோ வைத்திருந்தவர்கள் படிக்கத் தொடங்கினார்கள். மலேசியாவிலிருந்து யாரோ 'நன்றி ஐயா' என்று எழுதியதை எனக்குப் போன் போட்டு வாசித்துக் காட்டினார். சந்தேகம் கேட்டு வருகிற போன் மட்டும் குறைந்துகொண்டே வந்தது. குறைந்தபோது எனக்கு அது பிடிக்கவில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

ஒருமுறை, வேறு ஊரில் ஒரு ஸ்டூடியோக்காரர் ரிப்பேருக்குக் கொடுத்த கணினி வட்டிலிருந்து கல்யாணப் பெண்ணின் படங்கள் ஊரெல்லாம் சுற்றின. அத்தான் ஆடிப்போய்விட்டார். "பொம்பளப் பிள்ளைய படம்லா மாப்ளே. நம்பித்தான வந்து நிக்குதாவ" என்றார். யார் கையில் கிடைத்தாலும் திறக்க முடியாதபடி வட்டையே பூட்டிவைக்கும் முறையைச் சொல்லிக் கொடுத்தேன். கடவுச்சொல் இல்லாமல் எந்தக் கொம்பனாலும் திறக்க முடியாது, அதுதான் இதன் சிறப்பு என்றும் பெருமையாகச் சொன்னேன். அவரே உட்கார்ந்து பிசகில்லாமல் செய்து முடித்தார். அதைப் பற்றி எழுதிய பதிவுதான் அந்த வலைப்பூவிலேயே நீளமானது.

போன சாரல் சமயத்தில், காலையில் கடை ஷட்டரைத் தூக்கும்போது அத்தான் விழுந்தார். பக்கவாதம். உயிர் தப்பியது. வலது கையும் காலும் பேச்சும் போயின. பேச்சு என்றால் முழுக்கவும் அல்ல, ஒரு வார்த்தை மிஞ்சியது. சாப்பிட்டீர்களா என்றாலும், வலிக்கிறதா என்றாலும், நான் யார் என்றாலும் "ஆமா, ஆமா" என்பார். செங்கோட்டைப் பக்கம் எண்ணெய் வைத்தியம் பார்த்தும் இரண்டாவது வார்த்தை வரவில்லை.

நான் ஊருக்குப் போயிருந்தபோது வடகரையிலிருந்து ஒரு அம்மா வந்தார். வைகாசியில் அவர் மகளுக்குக் கல்யாணம், படம் எடுத்தது அத்தான். ஆல்பம் வருவதற்குள் அந்த அம்மாவின் கணவர் மாரடைப்பில் போய்விட்டார். செல்போனில் எடுத்தவர்களிடமெல்லாம் கேட்டிருக்கிறார். எல்லாவற்றிலும் மாப்பிள்ளையும் பெண்ணும்தான் இருந்தார்கள், கணவருடைய தோள் மட்டும் ஓரத்தில் இருந்தது. "ஒரே ஒரு படம் போதும் தம்பி. மகளப் பிடிச்சுக் குடுக்கும்போது சிரிச்சாவ. அண்ணாச்சி அத எடுத்தாவ, நான் பாத்தேன்" என்றார்.

கடைக் கணினி கடவுச்சொல் கேட்டு நின்றது. மெமரி கார்டுகளில் அடுத்தடுத்த விசேஷங்கள் ஏறிவிட்டன. வலைப்பூவில் அந்த நீளமான பதிவைத் திறந்தேன். ஒவ்வொரு படியும் தெளிவாக இருந்தது. நாலாவது படியில், "இங்கே வழக்கமான கடவுச்சொல்லைக் கொடுக்கவும்" என்றிருந்தது. படங்களை நகலெடுத்து வைக்கும் மாற்று வட்டு பற்றிய பதிவிலும் அதே வரிதான். அவரைக் குற்றம் சொல்ல முடியாது. ஊரே படிக்கிற இடத்தில் கடவுச்சொல்லை எழுதிவைப்பார்களா? அக்கா பெயர், பைக் நம்பர், கேமராப் பெயர் என்று தெரிந்ததையெல்லாம் தட்டிப் பார்த்தேன். "நீ இதுக்குத்தானல படிச்ச? சென்னையில இதத்தான பாக்குத?" என்று அக்கா கேட்டாள். இதைத் திறக்க வழியில்லை என்பதைத் தெரிந்துகொள்ளத்தான் அத்தனை வருஷம் படித்திருக்கிறேன்.

கடைசியாக அத்தானையே கைத்தாங்கலாகக் கூட்டி வந்து கணினி முன்னால் உட்கார வைத்தோம். அவர் இடது கை தானாக விசைப்பலகைக்குப் போனது. சில எழுத்துகளைத் தட்டிவிட்டு நின்றது. வலது கை தன் பங்கைத் தட்டட்டும் என்று அது காத்திருப்பது எனக்குப் புரிந்தது. வலது கை மடியில் கிடந்தது. மறுபடி தட்டச் சொன்னேன். ஒவ்வொரு முறையும் வேறு வேறு எழுத்துகள் வந்தன.

என் லேப்டாப்பில் அவருடைய பதிவைத் திறந்து அவர் முன்னால் வைத்தேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது. இடது கை விரல் ஒவ்வொரு படியாக இறங்கி நாலாவது படியில் நின்றது. அந்த வரியைத் தட்டித் தட்டிக் காட்டினார். இவ்வளவு தெளிவாக எழுதி வைத்திருக்கிறேனே, இன்னும் என்ன யோசனை என்று கேட்பதுபோல் என்னைப் பார்த்தார்.

வடகரை அம்மா நாற்காலியிலிருந்து எழுந்து வந்தார். அத்தானின் முகத்தில் அந்தச் சந்தோஷத்தைப் பார்த்துவிட்டார்.

"அப்பம் படம் கெடைச்சிரும்லா அண்ணாச்சி?"

"ஆமா" என்றார் அத்தான். "ஆமா, ஆமா."

அந்த அம்மா அவரைக் கையெடுத்துக் கும்பிட்டார். அடுத்த வாரம் மகளையும் கூட்டிக்கொண்டு வருவதாக அக்காவிடம் சொல்லிவிட்டு, மழை வலுப்பதற்குள் பஸ்ஸைப் பிடிக்கப் போனார். நாங்கள் யாரும் அவரைத் திரும்பக் கூப்பிடவில்லை.