நான் பெரிதாக்கிய கண்கள்

சிவகாசியில் லேபிள் அச்சடிக்கும் கம்பெனி ஒன்றில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, பட்டாசுப் பெட்டிக் குழந்தைகளைச் சிவப்பாக்குவது என் வேலை. இரண்டாயிரம் பிறந்து நாலைந்து வருஷத்தில் எனக்குப் பெண் பார்த்தார்கள். முதல் இரண்டு வரனும் போட்டோவிலேயே நின்றுபோயின. மூன்றாவதற்கு என் திறமையை என்மீதே காட்டினேன்.

எனக்குக் கண்கள் உண்டு. சிரித்தால் இல்லை. அம்மாவுக்கும் அப்படித்தான். அம்மாவைப் பெற்றவள் பர்மியப் பெண். தாத்தா மகளை மட்டும் கூட்டிக்கொண்டு ரங்கூனிலிருந்து கப்பலேறி வந்துவிட்டார். இது எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். யாரும் சொன்னதில்லை, சொல்லக் கூடாது என்றும் யாரும் சொன்னதில்லை. வெளியாள் கேட்டால், சின்ன வயசில் பட்டாசு மருந்துப் புகை பட்டுவிட்டது என்பார் பெரியப்பா. அம்மாவுக்கும் அதே புகைதான். எங்கள் பக்கம் புகையைச் சந்தேகப்பட ஆளில்லை.

ஜாதகத்தோடு அனுப்ப வேண்டிய போட்டோவைப் பார்த்துவிட்டு, "லேசா தொறந்து விடுலே" என்றார் பெரியப்பா, ஏதோ ஜன்னலைச் சொல்வதுபோல. திறந்துவிட்டேன். பழகிய கை, நிறத்தையும் விடவில்லை. மத்தாப்புப் பெட்டிக் குழந்தைக்கு மீசை முளைத்த மாதிரி ஒரு மாப்பிள்ளை வந்தான். எனக்குத் தங்கை இருந்தால் அவனுக்கே கொடுத்திருப்பேன்.

பெண் வீடு விருதுநகரில். பெண்ணின் அப்பா போட்டோவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடியும் போட்டோ. பிறகு மரியாதையாகக் கேட்டார்:

"மாப்பிள்ளை பின்னாடி வாராகளா?"

வெயிலில் வந்ததால் பையனுக்குக் கண் கூசுகிறது என்றார் பெரியப்பா. நாங்கள் ஃபேனுக்கு அடியில் உட்கார்ந்து முக்கால் மணி நேரம் ஆகியிருந்தது. அவருக்கு ஒத்தாசையாக நானும் கண்ணை இடுக்கப் பார்த்தேன். இடுக்க இடமில்லை.

அம்மா காப்பி டம்ளரைக் கீழே வைத்தாள்.

"எங்கம்மா பர்மாக்காரி, அண்ணே. அவ கண்ணுதான் எனக்கு. என் கண்ணுதான் இவனுக்கு. கெட்டிக்காரன், ரெண்டு பேரையும் சேத்து அழிச்சுப்புட்டான்."

பர்மா என்ற வார்த்தையை அம்மா வாயிலிருந்து அன்றைக்குத்தான் கேட்டேன். பெரியப்பாவுக்கு இருமல் வந்தது. பெண் வீட்டார் கலந்துபேசிச் சொல்லி அனுப்புவதாகச் சொன்னார்கள். இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார்கள் போல.

பஸ்ஸில் அம்மா என் பக்கமே திரும்பவில்லை. சிரிக்கவைக்க என்னென்னவோ சொல்லிப் பார்த்தேன். திருத்தங்கல் தாண்டியும் ஒன்றும் எடுபடவில்லை. சிவகாசியில் இறங்கியதும் வீட்டுக்குப் போகாமல் நேரே ஸ்டூடியோவுக்கு நடந்தாள். நான் பின்னால் போனேன். ஜாதகத்துக்கு வேறு போட்டோ என்று என்னை உட்காரவைத்தாள்.

போட்டோக்காரர் கண்ணைத் திறக்கச் சொன்னார், மூன்று தடவை. நானும் முக்கிப் பார்த்தேன்.

"தொறந்துதான் இருக்கு, எடுங்க" என்றாள் அம்மா.