அக்கா தொடங்கும் கட்டம்

கிட்டாரின் கழுத்தில் இருபது கட்டங்கள் இருந்தும் நான் முதல் மூன்றைத் தாண்டியதில்லை. மாத்தளையில் எங்கள் தேவாலயப் பாடகர் குழுவுக்கு அது போதும் என்றிருந்தேன். பாட்டைத் தொடங்கிவைக்கும் அக்காதான் அதைக் கெடுத்தார். மிளகுக் கடையில் வேலை செய்யும் அவருக்கு ஞாயிற்றுக்கு ஞாயிறு வேறு சுருதி. நான் முன்கூட்டியே வாசித்துக் காட்டினாலும், வாயைத் திறந்ததும் எங்கோ மேலே போயிருப்பார். இரண்டு வரி மல்லுக்கட்டிவிட்டு நான் கையை எடுத்துவிடுவேன்.

“நான் குடுக்கிற சுருதியப் புடிச்சா என்னங்கக்கா?” என்று ஒருநாள் கத்தியேவிட்டேன்.

“எனக்கு வர்ற எடத்துலதானே தம்பி பாட முடியும்?” என்றார், கோபமே இல்லாமல்.

வீம்புக்காகத்தான் கற்றேன். தடித்த ஆறாம் கம்பியில் கட்டம் கட்டமாக ஏறி எஃப், ஜி, ஏ என்று சுரங்களை வாய்விட்டுச் சொல்வேன். பல்லேபொல போகும் பஸ்ஸில் குடைக்காம்பே எனக்குக் கிட்டார். ஆறேழு மாதத்தில், அக்கா முதல் சொல்லை முடிப்பதற்குள் அவர் நிற்கும் கட்டத்தைப் பிடித்து, சுட்டுவிரலை எல்லாக் கம்பிகளுக்கும் குறுக்கே படுக்கவைத்து அவர் சுருதியிலேயே வாசிப்பேன்.

போன நத்தார்ப் பண்டிகைக்கு முந்திய ஞாயிறு, போனில் சுருதி காட்டும் ஆப் ஒன்றுடன் அக்கா வந்தார்.

“இனி ஒங்களுக்குக் கஷ்டமில்ல தம்பி. நீங்க சொல்ற எடத்துலயே தொடங்குறேன்.”

முதல் பாட்டை மூன்றாம் கட்டத்தில் பிசகாமல் தொடங்கினார். போனைப் பார்த்தபடியே பாடியதில் குரல் இறுகிப்போயிருந்தது. அடுத்த பாட்டுக்கு முன் போனை வாங்கி என் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன்.

“ஒங்களுக்கு வர்ற எடத்துல தொடங்குங்கக்கா. நான் வந்துர்றேன்.”