வட்டத்துக்குள் ஓர் எம்

எங்கள் அளவுச் சோதனை அறையில் ஏசி போட்டது எங்களுக்காக அல்ல, அளக்கும் இயந்திரத்துக்காக. ஊசி முனையில் சின்னக் குண்டு வைத்த அந்தச் சி.எம்.எம்., துளைகளைத் தொட்டுத் தொட்டுப் பார்த்து எத்தனை மைக்ரான் இடம் விலகியிருக்கிறது என்று சொல்லிவிடும். இரண்டாயிரமாவது ஆண்டு வாக்கில் வந்தது. அதோடு வந்த மென்பொருளைத்தான் என்னால் இன்றுவரை மன்னிக்க முடியவில்லை.

வரைபடத்தில், துளை எவ்வளவு இடம் விலகலாம் என்ற எண்ணுக்குப் பக்கத்தில் சில சமயம் வட்டத்துக்குள் ஓர் ஆங்கில எழுத்து எம் இருக்கும். அனுமதித்த அளவுக்குள் துளை எவ்வளவு பெரிதோ, இடம் விலகவும் அவ்வளவு கூடுதல் சலுகை உண்டு என்று அர்த்தம். போல்ட் நுழைந்தால் போதும் என்கிற நியாயமான ஏற்பாடு. மென்பொருளில் அதற்கு ஒரு சின்னக் கட்டம். டிக் செய்ய வேண்டும். பழைய புரோகிராமைக் காப்பி செய்தால் எல்லாம் கூடவே வரும், அந்த டிக் மட்டும் வராது. ஓர் எச்சரிக்கை கிடையாது, ஒரு முணுமுணுப்புக்கூடக் கிடையாது. நாங்களோ காப்பி செய்தே பிழைப்பவர்கள்.

கரமனையில் பட்டறை வைத்திருந்த ஒருவர் எங்களுக்கு ஃபிளாஞ்ச், அதாவது போல்ட் துளை போட்ட இணைப்பு வளையம், செய்து தந்தார். நாகர்கோவில் பக்கத்துக்காரர், அளவு விஷயத்தில் பிடிவாதக்காரர். அவர் கொண்டுவந்த நாற்பதும் திரையில் சிவப்பாக வந்தன. ஒன்றை எடுத்து, அதோடு சேரவேண்டிய பாகத்தின் மேல் வைத்து, நாலு போல்ட்டையும் நுழைத்துக் காட்டினார்.

"கேறுதுல்லா சாரே? பின்ன எதுக்கு ரிஜெக்ட்?"

எனக்கு எரிச்சல். மைக்ரான் கணக்கைப் போல்ட்டைப் போட்டா பார்ப்பது என்று பாடமே நடத்தினேன். துளையை ஏன் மேல் வரம்பை ஒட்டிப் போடுகிறீர்கள், சின்னதாகப் போடுங்கள் என்று உபதேசம் வேறு. வரைபடத்தில் விரலை வைத்து ஏதோ சொல்ல வந்தார். நான் திரையைக் காட்டி அவர் வாயை அடைத்தேன்.

ரிஜெக்ட் ஆனது மறுபடி நல்லதோடு கலந்து வந்துவிடக் கூடாது என்று, கொண்டுவந்தவர் முன்னாலேயே குறுக்கே அறுத்துப் போடுவது எங்கள் வழக்கம். நாற்பதும் அறுபடும்வரை அவர் நின்று பார்த்தார். அடுத்ததும் ரிஜெக்ட் ஆனால் சப்ளையர் பட்டியலிலிருந்து அவர் பெயரை அடித்துவிடுவார்கள் என்பது இருவருக்கும் தெரியும்.

மூன்று வாரம் கழித்து அடுத்த நாற்பது வந்தது. துளைகள் நான் சொன்னபடியே சின்னவை. அப்போதும் சிவப்பு. சந்தேகப்பட்டு, வரைபடத்தையும் புரோகிராமையும் வரி வரியாக ஒப்பிட்டபோதுதான் அந்தக் காலிக் கட்டம் கண்ணில் பட்டது. டிக் செய்தேன். முதல் நாற்பதின் அளவுகள் கணினியில் இருந்தன; மறுபடி கணக்கிட்டால் அத்தனையும் பச்சை. புதியவை மட்டும் சிவப்பாகவே நின்றன. துளை சின்னது, ஆகவே சலுகை இல்லை. நல்லதை அறுத்துவிட்டு, கெட்டதைச் செய்யச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன்.

மென்பொருளைத் திட்டினேன், அதை எழுதியவனைத் திட்டினேன், கழக்கூட்டத்தில் ஐ.டி. கம்பெனியில் வேலை பார்த்த என் மைத்துனனைக்கூடப் போனில் கூப்பிட்டுத் திட்டினேன். பாவம், அவன் பேங்க் சாஃப்ட்வேர் எழுதுகிறவன். யாரைத் திட்டி என்ன, டிக் செய்யாதவன் நான்தான்.

பட்டறைக்காரரிடம் நடந்ததைச் சொன்னேன். கோபப்படுவார் என்று நினைத்தேன். படவில்லை.

"அப்போ நான் முதல்ல செய்ததுதான் சரி, இல்லியா சாரே?"

ஆமாம் என்றேன்.

"அத ஒரு பேப்பர்ல எழுதித் தாங்க. அது போதும்."

மேனேஜரைக் கேட்டுச் சொல்கிறேன் என்று உள்ளே போனேன். கையில் இருக்கும் நாற்பதும் ரிஜெக்ட்தானே, இல்லாத நாற்பதைப் பற்றி என்ன எழுதுவாய் என்று மேனேஜர் கேட்டார். அந்தப் புரோகிராமிலிருந்து இன்னும் எத்தனை காப்பி எடுத்திருக்கிறாய் என்றும் கேட்டார். வெட்கமாக இருந்தது, அதைவிடப் பயமாக இருந்தது.

நான் எழுதவில்லை. பட்டறைக்காரர் மத்தியானம்வரை வாசல் கேட் பக்கத்தில் காத்திருந்துவிட்டுப் போனார். அந்த மாதமே பட்டியலிலிருந்து அவர் பெயரை அடித்துவிட்டார்கள். அடித்த தாளில், அளவுச் சோதனை என்று போட்ட இடத்தில் இருப்பது என் கையெழுத்து.