கணீரென்று ஒலிக்காத கல்

ஆழ்வார்பேட்டை வீட்டில் மகள் காபியில் சர்க்கரை கலக்கினாள். கரண்டி பட்டதும் பீங்கான் கோப்பை கணீரென்று ஒலிக்காமல் 'டப்' என்றது. நான் சட்டென்று எழுந்தேன்.

நான் சிறுமியாக இருந்தபோது, மந்தைவெளியில் எங்கள் வீட்டின் முன்னறைதான் என் அப்பா நைனாவின் கியர் பட்டறை. சாணைக்கல்லின் ஒவ்வொரு துகளும் ஒரு குட்டி உளி. கியரின் பற்களிலிருந்து மயிரிழை இரும்பைச் சீவி, பொறியாக வீசும். எங்கள் சோற்றில்கூடக் கருகிய இரும்பு மணக்கும். புதுக் கல்லை மாட்டுமுன் நைனா அதன் நடுத்துளையில் விரலை நுழைத்துத் தூக்கி, ஸ்க்ரூடிரைவரின் மரப்பிடியால் தட்டுவார். கணீரென்றால் நல்ல கல். இல்லையென்றால் உள்ளே விரிசல். சுழலும் வேகத்தில் வெடித்துச் சிதறும். அந்த ஒலி வரும்வரை அம்மா அடுப்படியில் அசையாமல் நிற்பாள். நானும் மூச்சைப் பிடித்துக்கொள்வேன்.

ஒரு நாள் காலையில் 'டப்' என்றது. நைனா மறுபடி தட்டினார். அதே ஒலி. ஆனாலும் மாட்டினார்.

"வேற கல்லு இல்ல. கியருக்கு ஆளு வந்து நின்னுகினு கீறான். இன்னிக்கு மட்டும் ஓட்டிக்கிறேன்."

அம்மா வந்து கல்லுக்கு நேர் எதிரே நின்றாள். ஓடும் கல்லுக்கு நேரே நிற்கக் கூடாது என்று என்னை அதட்டுகிறவளே அவள்தான்.

"போடுய்யா சுவிட்ச. நான் இங்கியே நிக்கிறேன்."

நைனா சுவிட்சிலிருந்து விரலை எடுத்தார். பிறகு கல்லைக் கழற்றிச் சுத்தியலால் மெல்லத் தட்டினார். இரண்டாகப் பிளந்து விழுந்தது.

"என்னம்மா ஆச்சு?" என்றாள் மகள், கையில் கரண்டியோடு.

அவளுக்கும் கோப்பைக்கும் நடுவே நான் நின்றிருந்தேன்.